ஸ்டூலும் இரண்டு செங்கல்லும் ஏவுதளம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 23ஆம் தேதி தேசிய விண்வெளி நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியான ஒரு படத்தைப் பற்றி இதை எழுதுகிறேன். பள்ளி மைதானம் ஒன்றில், குளிர்பானப் பாட்டிலால் செய்த, உள்ளே அடித்த காற்று தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளக் கிளம்பும் தண்ணீர் ராக்கெட்டை ஏவுவதற்கு மாணவர்கள் தயாராக நிற்கும் படம் அது. கூடவே வந்த செய்தியில் ராக்கெட் எட்டிய உயரம், அதைச் செய்த மாணவர்களின் உழைப்பு, வந்து பாராட்டிய விருந்தினர்கள் என எல்லாமே இருந்தன. ஆனால் என் கண் போய் நின்றது ராக்கெட்டின் அடியில்தான். வகுப்பறையிலிருந்து தூக்கி வந்த ஒரு மர ஸ்டூல், அதன்மேல் இரண்டு செங்கல், அவற்றுக்கு நடுவே தலைகீழாகச் செருகப்பட்ட பாட்டில். ஒரு மாணவன் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் அரை மீட்டர் தூரத்தில் சைக்கிள் பம்பின்மேல் குனிந்து நிற்கிறான். அவன் முகத்துக்கும் பாட்டிலுக்கும் இடையே ஒரு முழம்கூட இராது.

அந்தப் பள்ளியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தூத்துக்குடி மாவட்டத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; அந்தப் படத்தில் உள்ளதைவிட மோசமான ஏற்பாடுகளை நானே செய்திருக்கிறேன். ராக்கெட் செய்வதற்கு ஒரு வாரம் செலவிடும் நாம், அது எதன்மேல் நின்று புறப்படப் போகிறது என்பதைப் பற்றிப் புறப்படும் நாள் காலையில்தான் யோசிக்கிறோம் என்பதையும், வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியின் பின்புற மைதானம் பாதிக்குமேல் தேரி மணல். அந்தச் செம்மணலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: மேலே காய்ந்து கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் சிறிது நேரம் ஒரே இடத்தில் அசைந்துகொண்டிருந்தால் உள்வாங்கிவிடும். ஆய்வகத்தில் கண்ணாடிக் கருவிகளைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ரிடார்ட் ஸ்டாண்ட் ஒன்றையே ஏவுதளமாக வைத்து, ரப்பர் அடைப்பானைப் பாட்டிலின் கழுத்தில் இறுக்கி, அதில் செருகிய ஊசி வழியாகக் காற்றடித்தோம். அந்த முறையில் ராக்கெட் எப்போது கிளம்பும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. அடைப்பானின் பிடி எப்போது தளர்கிறதோ அப்போது அது கிளம்பும். பம்பு அடிக்க அடிக்க ஸ்டாண்ட் ஆடியது, ஆட ஆட அதன் ஒரு விளிம்பு மணலுக்குள் இறங்கியது. பன்னிரண்டாவது அடியிலோ பதின்மூன்றாவது அடியிலோ அடைப்பான் விட்டது. பாட்டில் நேராக மேலே போகாமல், ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகச் சாய்வாகப் பாய்ந்து, சைக்கிள் கொட்டகையின் கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கொட்டகையில் அப்போது யாரும் இல்லை. அடுத்த ஒரு வருடம் பள்ளியில் ராக்கெட் என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை. தலைமையாசிரியர் அதற்குத் தடை போட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு 2018இல் மகள் வீட்டில் தங்குவதற்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குப் போயிருந்தபோது, அங்குள்ள பொழுதுபோக்கு ராக்கெட் குழுவினர் மாதம் ஒரு முறை புல்வெளியில் கூடுவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அட்டைக் குழலும் பால்சா மரச் சிறகுகளும் கொண்ட சிறு ராக்கெட்டுகள்; தொழிற்சாலையில் செய்து, ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடும் கருமருந்து மோட்டார்கள் (மோட்டார் என்பது இங்கே எரிந்து ராக்கெட்டைத் தள்ளும் மருந்துக் குழல்). ஸ்புட்னிக் பறந்த 1957ஆம் ஆண்டிலேயே இந்தப் பொழுதுபோக்கு அங்கே அமைப்பாகத் திரண்டுவிட்டது. நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் தம் சகோதரருடன் சேர்ந்து செய்த சிறு மோட்டாரும், ஏவுகணைச் சோதனைத் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் வகுத்த பாதுகாப்பு முறைகளும்தான் இதற்கு அடிப்படை. வீட்டுக் கொட்டகையில் மருந்து கலந்து கையையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்த சிறுவர்களைக் காப்பாற்றுவதே அந்த விதிகளின் நோக்கம். மருந்தைத் தொடாதே, மோட்டாரை வாங்கு, தூரத்தில் நின்று மின்சாரத்தால் பற்றவை என்பதுதான் அவற்றின் சாரம். தூரத்தில் நிற்க வேண்டுமானால், கையால் பிடிக்காமலே தானாக நிற்கும் ஒரு தளம் வேண்டும் அல்லவா? அதனால்தான் அங்கே பேச்சு ராக்கெட்டில் தொடங்காமல் தளத்தில் தொடங்குகிறது.

அந்தக் களத்தில் எனக்கு முதலில் புரிந்தது, ஏவுதளம் என்பது ராக்கெட்டை வைக்கும் மேடை மட்டுமன்று என்பதே. ராக்கெட்டின் சிறகுகள் அதை நேராகப் பிடித்திருப்பது, அவற்றின்மீது காற்று வேகமாக ஓடும்போதுதான். புறப்பட்ட முதல் கணத்தில் வேகமே இல்லை. ஆகவே சிறகுகளுக்கும் வேலை இல்லை. அந்த இடைவெளியில் ராக்கெட்டுக்குத் திசை காட்டுவது தளத்தில் நட்டிருக்கும் கம்பிதான். ராக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள சிறு குழல் அந்தக் கம்பியில் கோத்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். கம்பியை விட்டு நீங்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 13 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே வழங்கும் கணக்கு. மணிக்கு ஏறக்குறைய 47 கி.மீ.; நம் ஊர் நகரப் பேருந்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியப் பழக்கம் விடவில்லை, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 கிராம் எடையுள்ள ராக்கெட், சராசரியாக 6 நியூட்டன் உந்துவிசை தரும் மோட்டார். எடையைக் கழித்தால் மேல்நோக்கி மிஞ்சுவது 5.3 நியூட்டன்; முடுக்கம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 76 மீட்டர். கம்பி 90 செ.மீ. நீளம் என்றாலும், ராக்கெட், தீயைத் தாங்க அடியில் வைக்கும் அனல் தகட்டுக்குச் சற்று மேலே நிற்பதாலும் குழல் ராக்கெட்டின் நடுப்பகுதியில் இருப்பதாலும், உண்மையில் வழிகாட்டும் நீளம் 70 செ.மீ.தான். பதினோராம் வகுப்புச் சமன்பாட்டில் போட்டால், கம்பியை விடும்போது வேகம் வினாடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். கம்பியை 120 செ.மீ. ஆக்கினால் அது 12ஐத் தாண்டிவிடும். பற்றிய உடனே மோட்டாரின் விசை சராசரியைவிட மேலே எழும்பி இறங்கும் என்பதால் உண்மையான வேகம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் காற்று அடிக்கும் நாளில் கம்பியின் நீளத்தில் ஒரு சாண் கூடுதலாக இருப்பதன் அருமை இந்தக் கணக்கில் விளங்கும்.

நீளத்தை மட்டும் கூட்டினால் வேறு தொல்லை வரும். அங்கே தொடக்கக்காரர்களுக்கு விற்கும் பிளாஸ்டிக் முக்காலிகளில் 3 மி.மீ. தடிமனுள்ள கம்பிதான் இருக்கும். அதுவும் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக இரண்டு துண்டாக இருக்கும். கனமான ராக்கெட் ஏறும்போது அந்தக் கம்பி தூண்டில் கோல்போல் வளைந்து, ராக்கெட்டைக் கடைசி நொடியில் ஒரு பக்கமாகச் சுண்டிவிடும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3 மி.மீ. கம்பியை 6 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. அதே கம்பியின் நீளத்தை இரட்டித்தால் நுனியின் வளைவு எட்டு மடங்கு கூடிவிடும். ஆகவே நீளம் கூடும்போதெல்லாம் தடிமனும் கூட வேண்டும். இரண்டு துண்டுக் கம்பியின் இணைப்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் மயிரிழை அளவு படி ஒன்று தட்டுப்படும். ராக்கெட்டின் குழல் அதில் இடித்தால் பாதி வேகம் அங்கேயே போய்விடும். கம்பியில் படியும் கரியை ஒவ்வொரு ஏவுதலுக்குப் பிறகும் துடைக்காவிட்டாலும் இதே கதைதான். அந்தக் குழுவில் ஒரு முதியவர் ஈரத்துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏவி முடித்ததும் கம்பியைத் துடைப்பதையே தம் வேலையாக வைத்திருந்தார்.

அனல் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரின் தீ நேராகத் தரையில் அடித்தால் காய்ந்த புல் பற்றும். ஆகவே கீழே ஓர் எஃகுத் தகடு வேண்டும் என்பது எல்லோருக்கும் தோன்றும். அந்தத் தகட்டைச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. மட்டமாக வைத்தால் தீ பட்டுத் தெறித்துச் சிறகுகளுக்கே திரும்பும். இன்னொன்று, பற்றவைக்கும் கம்பியைக் கவ்வியிருக்கும் இரண்டு முதலைக் கவ்விகளும் அந்தத் தகட்டைத் தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும், ராக்கெட் அசையாது. நான் பார்த்த நாளில் கிளம்பாமல் போன ராக்கெட்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம். அப்படிக் கிளம்பாவிட்டால் பாதுகாப்புச் சாவியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்த பிறகே அருகில் போக வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி. சிறு மோட்டார்களுக்கு 15 அடியும் பெரியவற்றுக்கு 30 அடியும் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் விதியே.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் மாணவர்கள் கருமருந்து கலக்கக் கிளம்பிவிடக் கூடாது. நம் நாட்டில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பதைத் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தீப்பெட்டி மருந்தைச் சுரண்டி ஈயத்தாளில் சுற்றிய மாணவன் ஒருவனின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். நம் பள்ளிகளுக்கு ஏற்றது தண்ணீர் ராக்கெட்தான். அதிலேயே நியூட்டனின் மூன்றாம் விதி முதல் காற்றின் தடை வரை எல்லாவற்றையும் கற்பிக்கலாம்.

ஆனால் தண்ணீர் ராக்கெட்டின் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. இதை நானும் தாமதமாகத்தான் உணர்ந்தேன். பாட்டில் கழுத்தின் உள்விட்டம் 21 மி.மீ.க்குச் சற்று மேல். சைக்கிள் பம்பின் மானியில் (சதுர அங்குலத்துக்கு) 60 பவுண்டு அழுத்தம் காட்டும்போது, அந்தக் கழுத்தின் பரப்பில் மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 15 கிலோ எடைக்குச் சமம். ராக்கெட் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆகவே அது ஒரு முழம் ஏறுவதற்குள் வேண்டிய வேகத்தைப் பிடித்துவிடும். நீண்ட கம்பிக்கு அவசியமில்லை. இங்கே பிரச்சினை வேறு. விடுவிக்கும் வரை அந்த 15 கிலோ விசையை ஒரு பூட்டு தாங்கிக்கொண்டிருக்கிறது. பூட்டைத் திறக்கக் கயிற்றை இழுக்கிறோம்; அழுத்தத்தில் இறுகியிருக்கும் பூட்டு லேசில் நகராது. பலம் கொண்டு இழுத்தால் பூட்டு நகர்வதற்குப் பதிலாகத் தளமே நம் பக்கம் சாயும். சாய்ந்த அதே நொடியில் பூட்டும் திறக்கும். அப்போது ராக்கெட் யாரை நோக்கி வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கயிறு யார் கையில் இருக்கிறதோ அவரை நோக்கித்தான்.

ஆகவே, தண்ணீர் ராக்கெட்டுக்குத் தளத்தின் கனமும் அகலமும் முதன்மை, பூட்டும் கயிறும் அடுத்தது, கம்பி அதற்கும் அடுத்தது. மருந்து ராக்கெட்டுக்குக் கம்பியே முதன்மை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த தளத்தை அப்படியே செய்வதோ, இணையத்தில் விற்கும் பெட்டியை வாங்குவதோ பயன் தராது. ஓய்வுக்குப் பிறகு ஒரு பள்ளிக்காக அப்படியொரு பெட்டியை நானே வரவழைத்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். வந்தது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் முக்காலி. எடை கால் கிலோகூட இல்லை. பம்பின் குழாய் நீளம் அரை மீட்டர். விளக்கத் தாளில் மட்டும் ‘ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும்’ என்று அச்சடித்திருந்தார்கள். அரை மீட்டர்க் குழாயை வைத்துக்கொண்டு ஐந்து மீட்டர் தள்ளி நின்று எப்படிக் காற்றடிப்பது என்று கடிதம் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் ஒன்றைச் செய்துகொண்டோம். நான்கு ஆண்டுகளாக ஆறு பள்ளிகளில் சுற்றி வருகிறது. விருப்பமுள்ள ஆசிரியர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதன் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடித்தளம் மூன்று கால்கள் கொண்டது. நான்கு கால்கள் இருந்தால் மேடு பள்ளமான தரையில் ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் நிற்கும். மூன்று கால்கள் எங்கும் உட்காரும். ஒவ்வொரு காலும் அரை மீட்டர் நீளமுள்ள எல் ஆங்கிள் இரும்பு. படுத்த நிலையில், தரையை ஒட்டி, மூன்று பக்கமும் விரிந்திருக்கும். கால்களின் நுனியில் துளையிட்டு அரை அங்குல போல்ட் மாட்டியிருப்பதால், கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துத் திருகி மட்டம் பிடிக்கலாம். கட்டாந்தரையில் கால்களை நீண்ட ஆணிகளால் தரையோடு அடித்துவிடுவோம். தேரியில் ஆணி நிற்காது; ஆகவே காலுக்கு ஒரு பலகைத் துண்டை அடியில் வைத்து, அந்த மணலையே உரச்சாக்கில் அள்ளிக் காலின்மேல் போடுவோம். மூன்று சாக்கு போட்ட பிறகு, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் அது அசையாது.

நடுவில் நிற்பது அரை அங்குல வெள்ளை யுபிவிசி குழாய். அதே அரை அங்குலம் என்று கடையில் வெந்நீர்க் குழாயான சிபிவிசியைக் கொடுத்தால் வாங்கிவிட வேண்டாம். அதன் வெளிவிட்டம் குறைவு, பாட்டிலின் கழுத்தில் தொளதொளவென்று ஆடும். வெள்ளைக் குழாய் கச்சிதமாக நுழையும்; கசிவுக்கு ஒரு ரப்பர் வளையம் போதும். குழாய் பாட்டிலுக்குள் ஒரு சாண் அளவுக்கு ஏறி நிற்பதால், அதுவே ராக்கெட்டுக்கு முதல் வழிகாட்டியாகிவிடுகிறது. பூட்டுக்கு, வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளான கேபிள் டைகள்: குழாயைச் சுற்றி எட்டோ பத்தோ கட்டி, அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்தின் வளையத்தைக் கவ்வுமாறு நிறுத்தி, வெளியே பெரிய குழாய்த் துண்டு ஒன்றைக் காப்புபோல மாட்டியிருக்கிறோம். அந்தக் காப்பைக் கீழே இழுத்தால் தலைகள் விரியும், ராக்கெட் கிளம்பும். கயிற்றை நேராக நம் பக்கம் இழுக்காமல், அடித்தளத்தில் தரையை ஒட்டி வைத்துள்ள இரும்பு வளையங்களுக்குள் விட்டு வெளியே எடுத்திருக்கிறோம். எவ்வளவு பலமாக இழுத்தாலும் இழுப்பு தரை மட்டத்திலேயே விழுவதால் தளம் சாய வழியில்லை. இந்த வளையம் வைக்கும் யோசனை என்னுடையதன்று, பட்டறைக்காரர் சொன்னது. கிணற்று ராட்டினத்தைப் பார்த்தவர்களுக்கு இது தானாகத் தோன்றும் என்றார்.

காற்றடிக்க, குழாயின் அடியில் டியூப்லெஸ் டயர் வால்வு பொருத்தி, பஞ்சர் கடையில் வாங்கிய ஆறு மீட்டர் ரப்பர்க் குழாயைப் பம்புடன் இணைத்திருக்கிறோம். முழு ஏற்பாட்டிலும் எதையாவது விட்டுவிட நேர்ந்தாலும் இந்த நீண்ட குழாயை மட்டும் விடக் கூடாது என்பேன். மானி 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. பிவிசி குழாய் வெயிலில் கிடந்து பழசானால் நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே ஏவும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நிழலில்தான் இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், அதை மாற்றிவிடுகிறோம். இரும்பு, வெல்டிங் கூலி, குழாய் எல்லாம் சேர்த்து அன்றைக்கு நான் கொடுத்தது 1,800 ரூபாய்.

அடித்தளத்தின் ஓரத்தில் 6 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி ஒன்றும் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. முன்னர்ச் சொன்னபடி வேகத்துக்காக அது தேவையில்லை. இரண்டு பாட்டில்களை ஒட்டிச் செய்த உயரமான ராக்கெட், காற்றடிக்கும்போது கழுத்தில் நின்று ஆடாமல் இருப்பதற்காக வைத்தது. இளநீர்க் கடையில் கிடைக்கும் தடித்த ஸ்ட்ராவில் இரண்டு துண்டு வெட்டி ராக்கெட்டின் பக்கத்தில் ஒட்டினால் கம்பியில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் இந்தக் கம்பி ஓர் ஆபத்தையும் கூடவே கொண்டுவந்தது. அடித்தளத்தின் உயரத்தையும் சேர்த்தால் கம்பியின் நுனி, குனிந்து நிற்கும் ஏழாம் வகுப்பு மாணவனின் கண் மட்டத்தில் நிற்கிறது. ராக்கெட்டை மாட்டக் குனிபவர்களுக்கு எதிரே இருந்து பார்த்தால், அந்தக் கம்பி ஒரு புள்ளியாகத்தான் தெரியும், கம்பியாகத் தெரியாது. அமெரிக்க விதிகளிலும் இதற்கென்றே தனி வாசகம் உண்டு: கம்பியின் நுனி கண் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையேல் மூடியிருக்க வேண்டும். நாங்கள் பழைய பூப்பந்து ஒன்றில் துளையிட்டு நுனியில் செருகி வைத்திருக்கிறோம். மஞ்சள் நிறம் என்பதால் மைதானத்தின் மறு கோடியிலிருந்தும் தெரியும்.

எந்தத் தளம் என்பதோடு, அதை எங்கே, எந்த நேரத்தில் வைப்பது என்பதும் சேர்ந்ததுதான். தேசிய விண்வெளி நாள் ஆகஸ்ட் மாதத்தில் வருவது தென்மாவட்டங்களுக்குச் சற்று இடைஞ்சலான சங்கதி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, கொட்டும் பருவம் அது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும் காலம். விழாவை விருந்தினரின் வசதிக்காகப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால், காற்று அதன் உச்சத்தில் இருக்கும். மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் காற்றடித்தால் ஏவவே கூடாது என்பது மருந்து ராக்கெட்டுக்கு உள்ள வரம்பு. கனம் குறைந்த நம் பாட்டிலுக்கு நான் அதில் பாதியைத்தான் வரம்பாக வைத்திருக்கிறேன். காலை ஏழரை மணிக்கு வைத்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. சிறகுள்ள ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கித்தான் தலையைத் திருப்பும். காற்றோடு போகும் என்று நினைத்துக் கூட்டத்தை மேற்குப் பக்கம் நிறுத்தினால் ராக்கெட் அவர்கள் தலைமேல்தான் போகும். தளத்தைக் கட்டடங்களிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். பனைமரத்திலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும் என்பதைக் கூடுதலாகச் சொல்கிறேன். எங்கள் ராக்கெட்டுகளில் இரண்டு இன்னும் மட்டைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. ஏறி எடுத்துத் தருகிறேன் என்று கிளம்பிய மாணவர்களைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

தீபாவளிக்கு ராக்கெட்டைக் காலிப் பாட்டிலில் நட்டு விடும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். பாட்டில் கனமில்லாதது, வாய் குறுகியது, குச்சி அதில் உரசிக்கொண்டு கிளம்பும்போது பாட்டிலையும் இழுத்துச் சாய்த்துவிடும். அது எதிர்வீட்டு மாடிக்குள் போனால் ராக்கெட்டைத் திட்டுகிறோம், பாட்டிலைத் திட்டுவதில்லை. ஒரு வாளியில் மணலை நிரப்பி, அதில் ஒரு குழாய்த் துண்டை நேராகப் புதைத்து, அதற்குள் குச்சியைத் தளர்வாக இறக்கினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பள்ளி மைதானத்துக்கு அந்த ஸ்டூலும் செங்கல்லும் வந்தது இந்தப் பாட்டில் பழக்கத்தின் நீட்சி என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், குலசேகரன்பட்டினத்தில், இந்தியாவின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடலின்மேல் போகலாம். ராக்கெட்டில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், புறப்படும் இடத்தை மாற்றியே கூடுதல் எடையைத் தூக்க முடியும். இதற்கும் முன்பு, 1963 நவம்பர் 21ஆம் தேதி நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கும் காரணம், அந்த மீனவக் கிராமம் புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்திருந்ததுதான். தளத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே ராக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். இதை வகுப்பில் சொன்னால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. விழா நடத்தும் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

பள்ளிக்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 2022இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தின் வழியாக அறிவியல் செய்முறைகள் பள்ளிகளுக்குச் செல்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ராக்கெட் பெட்டி வாங்கித் தருவதற்குப் பதிலாக, வட்டார வள மையத்துக்கு ஒன்று வீதம் கனமான இரும்புத் தளத்தை உள்ளூர்ப் பட்டறையில் செய்து வைத்து, கேட்கும் பள்ளிக்கு இரவல் தரலாம். பாட்டிலையும் அட்டையையும் மாணவர்களே கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குப் பணம் வேண்டாம். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, ராக்கெட் எவ்வளவு உயரம் போனது என்று கேட்கும் நிருபர், பம்பு அடித்தவர் எத்தனை மீட்டர் தள்ளி நின்றார் என்பதையும் ஒரு வரி கேட்டு எழுதட்டும். எங்கள் தளத்தின் அளவுகளைக் குறித்த கைவரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன், இடமிருந்தால் வெளியிடலாம்.

அதைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஒன்று. கம்பி நுனியில் செருகிய பூப்பந்தை ஏவுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கடந்த ஆண்டு ஒரு பள்ளியில், மானியைப் பார்த்து, காற்றைப் பார்த்து, கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, எல்லாம் சரி என்று நானே பத்திலிருந்து எண்ணத் தொடங்கி மூன்றுக்கு வந்துவிட்டேன். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமி “சார், பந்து!” என்று கத்தினாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.